நீயுமில்லை, நீங்களுமில்லை

நான் கணக்கு வைத்த பதினோரு மாதமும் ஒரு மனிதர் என் அம்மாவிடம் 'நீ' என்றும் சொல்லாமல் 'நீங்க' என்றும் சொல்லாமல் பேசினார். நடுவே ஒரு ஒன்பது நாளை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. நாள் தவறாமல் பேசினார். வேலை சொன்னார், குறை சொன்னார், ஒருமுறை அம்மாவின் காய்ச்சலுக்கு ஆளனுப்பி மாத்திரைகூட வாங்கிவரச் செய்தார். பின்னாளில் நாளிதழ் வேலையில், கேட்ட கேள்விக்குப் பிடிகொடுக்காமல் பேசுகிறவர்கள் பலரின் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். அவரளவுக்குத் தேர்ந்தவரை நான் பார்த்ததில்லை.

அவர் அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி. கம்பெனி என்றால், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓடு வேய்ந்த நீளமான ஒரே கட்டடம். நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. கட்டடத்தின் முன்பாதியில் மோட்டாரில் ஓடும் ஆறு தையல் மெஷின்கள். பின்பாதியில் பெரிய கோரைப்பாய். மெஷினில் ஆண்கள், பாயில் பெண்கள். தைத்து வரும் பனியனில் பிசிறு வெட்டுவது, மடிப்பது, டஜன் டஜனாகக் கட்டுவது எல்லாம் பாயின் வேலை.

எங்கள் பக்கத்துப் பேச்சை வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ங்க' போடாவிட்டால் எங்களுக்கு அது முடிந்த மாதிரி இருக்காது. முதலாளியும் அப்படித்தான். மூன்று வயது மகனையே "வாங்க கண்ணு, பால் குடிங்க" என்பவர். மெஷினில் உட்கார்ந்திருப்பவர் இருபது வயதுக்காரராக இருந்தாலும் அவருக்கு 'வாங்க, போங்க' தான். ஆனால் அந்த 'ங்க' கட்டடத்தின் பாதியில் நின்றுவிடும். பாயில் இருந்தவர்களில் பேரன் எடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் "இந்தா புள்ள, நீ இத எடு" என்பதுதான். அதை யாரும் அவமரியாதை என்று நினைத்ததாகத் தெரியவில்லை. சுவர் இருக்கிற இடத்தில் சுவர் இருப்பதுபோல அது இருந்தது.

அம்மா ஆறு வருஷம் பாயில் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் சும்மா நிற்கும். அம்மாவை அக்கா என்று கூப்பிடும் ஓரத்து மெஷின்காரர், கழிவுத் துணியைக் கொடுத்துத் தைத்துப் பழக விட்டிருந்தார். ஒரு தை மாதம் அவருக்குப் பக்கத்து மெஷின்காரர் அம்மை வார்த்துப் படுத்துக்கொண்டார். கல்கத்தாவுக்குப் போக வேண்டிய சரக்கு பாதியில் நின்றது. அம்மா அந்த மெஷினில் உட்கார்ந்தார். படுத்தவர் எழுந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால் மெஷின் அம்மாவிடமே தங்கிவிட்டது. முதலாளி வஞ்சனை செய்யாமல் மெஷின் கூலியே கொடுத்தார். 'இந்தா புள்ள' மட்டும் மாறவில்லை.

அம்மா மூன்று மாதம் பார்த்தார். சித்திரை பிறந்து கம்பெனி திறந்த முதல் நாள், முதலாளி விபூதி கொடுத்துக்கொண்டு வந்தபோது, மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கேட்டார்.

"ஏனுங், இந்த மெஷின்ல உக்காந்திருக்கறவங்களையெல்லாம் வாங்க போங்கன்னுதான கூப்புடறீங்க. நானும் இதுலதானுங்க உக்காந்திருக்கறேன்."

அவ்வளவுதான் கேட்டது. முதலாளி விபூதித் தட்டை நீட்டினார், அடுத்த மெஷினுக்குப் போனார். அன்று சாயங்காலம் ஓரத்து மெஷின்காரரிடம் மட்டும் தன் சங்கடத்தைச் சொல்லியிருக்கிறார். "ஒருத்திக்குச் சொல்லிப் போட்டா, பொறவு பாயில இருக்கற அத்தன பேருக்கும் சொல்லோணுமுங்க." அது அம்மாவின் காதுக்கும் வந்தது. மறுநாளிலிருந்து முதலாளியின் புது மொழி தொடங்கியது.

"அந்தக் கழுத்துப்பட்டி முடிஞ்சுதா?"

"நாளைக்கு நேரத்துல வந்தாத் தேவலை."

"லீவு வேணும்னா மொதல்லயே சொல்லீரோணும்."

இது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் முயன்று பார்க்கலாம். எங்கள் பேச்சில் மரியாதை 'நீங்க' என்ற சொல்லில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை, வினையின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையையும் தவிர்க்க வேண்டும், வாலையும் தவிர்க்க வேண்டும். அவர் இரண்டையும் வெட்டிவிட்டு நடுத்துண்டை மட்டும் பேசினார்.

அப்பாவுக்கு இதில் தனி அக்கறை இருந்தது. அவர் லாரி ஆபீசில் சரக்குப் பெட்டிகள்மேல் மையால் முகவரி எழுதுகிறவர். கல்கத்தா, பம்பாய், ஆமதாபாத், விஜயவாடா என்று பெட்டி போகாத ஊர் இல்லை. அந்த ஊர்க்காரர்களும் டிரைவர்களும் அங்கே வந்து காத்திருப்பார்கள். அவர்களிடம் அப்பா கேட்டுக்கொள்வது மூன்றே சொற்கள்: உங்கள் பாஷையில் 'நான்' எப்படி, 'நீ' எப்படி, 'என்னுடையது' எப்படி. கேட்டதைப் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல நான் அதை ஒப்பிப்பேன். பத்து வயதில் எனக்கிருந்த பெருமைகளில் அது முதலாவது.

தமிழில் நான், மலையாளத்தில் ஞான், கன்னடத்தில் நானு, தெலுங்கில் நேனு. ஒரே வீட்டில் பிறந்தவை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்பார் அப்பா. 'என்னுடையது' கட்டத்தில் இன்னொரு வீடு இருந்தது. இந்தியில் மேரா, குஜராத்தியில் மாரு, வங்காளத்தில் ஆமார், இங்கிலீஷில் மைன். எல்லாவற்றிலும் ஒரு 'ம' இருப்பதை அப்பா தானாகவே கண்டுபிடித்து, அதை ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அது சரிதான், பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பங்காளிகள் என்று வாத்தியார் சொன்னதும், அப்பா அந்த வாரம் முழுவதும் பெட்டிகளில் கொட்டை எழுத்தாக எழுதினார். 'என்னுடைய' என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'என்ற' மட்டும், மலையாளத்து 'என்டெ'யின் ஜாடை இருந்தும், கட்டத்துக்கு வெளியே இருந்தது. "இது நம்ம சரக்கு, அக்கட்டால இருக்கட்டும்" என்றார்.

மரியாதைக்கு அவர் தனிக் கட்டம் வைத்திருந்தார். 'நீங்க' என்பது முதலில் பலரைக் கூப்பிடும் சொல். ஒருவரைப் பெரியவராக்க வேண்டுமென்றால் அவரைப் பலராக்கிவிடுவது. கன்னடத்து நீவு, தெலுங்கு மீரு, இரண்டும் அப்படித்தான். இங்கிலீஷ் யூ கூட ஒரு காலத்தில் பலருக்கான சொல்லாம். ஒருவருக்கென்று இருந்த 'தௌ' வழக்கொழிந்துபோய், இப்போது நாய்க்கும் யூ, ராணிக்கும் யூ. இந்திக்காரரின் ஆப் வேறு தினுசு. அதன் வேர் 'தான்' என்று பொருள்படும் சொல். நம்முடைய 'தாங்கள்' வந்த வழியும் அதுதான். பெரிய மனிதரை நேராகப் பார்த்து 'நீ' என்று சொல்லப் பயந்துபோய், இரண்டு ஊர்க்காரர்களும் அவர் முகத்துக்குப் பதிலாக அவரது நிழலைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அப்பா விளக்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஊருப்பட்ட பாஷையில மருவாதி சேத்து வெச்சிருக்கறீங்க. ஊட்டுக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கலாமுங்களே."

அப்பா அம்மாவை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். அன்று காலண்டரைச் சுருட்டி வைத்துவிட்டார். மறுநாள் காலையில், "தண்ணி காஞ்சுதா?" என்றார். அதற்கு மறுநாள், "சாப்பாடு கட்டியாச்சா?" என்றார். ஆக, அம்மாவிடம் தலையும் வாலும் இல்லாமல் பேசுகிறவர்கள் ஊரில் இரண்டு பேர் ஆனார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கம்பெனியில் நடப்பதற்கு நான் ஒரு நோட்டுப் போட்டேன். மூன்று பத்தி: நீ, நீங்க, ஒன்றுமில்லை. தினமும் அம்மா வந்ததும் கேட்டுக் குறித்துக்கொள்வேன். கோடுகள் எல்லாம் மூன்றாவது பத்தியிலேயே விழுந்தன. கம்பெனியிலும் இதைக் கவனிக்காதவர் இல்லை. ஓரத்து மெஷின்காரர் தினமும் ஏதாவது சொல்வார். "அக்கா, இன்னிக்கு மொதலாளி 'நீ'யில வாயத் தொறந்து 'நீளம் பாக்கோணும்'னு முடிச்சுப் போட்டாருங்க. பொழச்சுட்டாரு." அம்மாவுக்கு இந்த விளையாட்டு பிடித்திருந்தது என்றுதான் நான் நினைத்தேன். அந்த மெஷினில் அவர் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு மனிதரின் பொறுமையில் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் ஆயுத பூஜையன்று நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அன்று கம்பெனிக்கு வேலைக்காரர்களின் குடும்பம் எல்லாம் வரும். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். முதலாளி புது வேட்டியில், பொரி கடலையை முறத்திலிருந்து அள்ளி அள்ளிக் காகிதத்தில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், "நல்லாப் படிக்கறீங்களா அம்மிணி?" என்றார். எனக்கு 'ங்க' கிடைத்துவிட்டது. அந்தத் தைரியத்தில், பல நாளாக யோசித்து வைத்திருந்த சமரசத் திட்டத்தைச் சொன்னேன். முதலாளி இளவயதில் நான்கு வருஷம் கல்கத்தாவில் சரக்கு விற்றவர் என்பது எனக்குத் தெரியும்.

"ஏனுங்க, வங்காளத்துல மூணு இருக்குதுங்களாமா. கீழ துயி, மேல ஆப்னி, நடுவுல துமி. துமிங்கறது நீயுமில்லீங்க, நீங்களுமில்லீங்க. எங்கம்மாள அப்பிடிக் கூப்புட்டுக்குங்களே. உங்களுக்கும் செரமமில்ல, அம்மாளுக்கும் வருத்தமில்ல."

மெஷின்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பாயில் இருந்தவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளியும் சிரித்தார், ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. பொரிப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, சரஸ்வதி படத்தைப் பார்த்துச் சொன்னார்.

"என்ற கம்பெனில ஆர எப்பிடிக் கூப்புடறதுன்னு இனிப் பள்ளிக்கூடத்துப் புள்ளைககிட்டக் கேட்டுக்கோணுமாட்ட இருக்குது."

அதுவரை அவர் 'நம்ம கம்பெனி' என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய நாளில் அம்மாவின் மெஷினில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி பாயைக் காட்டி, "நீ அங்க போய் உக்காரு புள்ள" என்றார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. இழந்ததைத் திரும்பப் பெற்றவர்போல அன்று முழுவதும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினாராம். நீ இதை எடு, நீ அதை மடி, நீ தள்ளி உட்கார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மூன்றாம் நாள் நான் அழுதபோது, "பாயில உக்காந்தா என்ன கண்ணு? அங்க இருக்கறவீகளும் மனுசருதான?" என்றார். நான் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். நோட்டின் முதல் பத்தியில் ஒன்பது நாளும் கோடு போட்டேன். ஒவ்வொரு கோடும் நானே அம்மாவுக்குக் கொடுத்தது போல இருந்தது.

பத்தாம் நாள் நடந்ததற்கு நான் நேரில் சாட்சி இல்லை. அம்மா சொன்னதும் ஓரத்து மெஷின்காரர் சொன்னதும் எங்கே ஒத்துப்போகிறதோ அதை மட்டும் எழுதுகிறேன். கல்கத்தா வியாபாரி ஒருவர் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து லாட்ஜில் தங்கிச் சரக்குப் பார்ப்பார். அவர் தோள்பட்டைத் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். பழைய சரக்கிலிருந்து ஒரு பனியனையும் எடுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, போன முறை அனுப்பியதில் தையல் சுருங்கி இழுத்துக்கொண்டு நிற்கவில்லை, அந்தக் கை எங்கே என்று கேட்டார். முதலாளிக்கு அம்மாவைப் பாயிலிருந்து எழுப்ப வேண்டியதாயிற்று. வியாபாரி அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் பழகிய தமிழில், "நீங்க தெச்சீங்களா? ரொம்ப நல்லாத் தெய்க்கறீங்க" என்றார். அடுத்த சரக்கு முழுவதும் இந்தக் கையில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

முதலாளி அந்தப் பழைய பனியனை மடித்து வைத்தார்.

"அந்த மெஷினுக்கே போயிரலாம்," என்றார்.

அம்மா எழுந்து போனார். 'நீ'யிலிருந்து ஒன்றுமில்லாததற்கு மறுபடியும் உயர்ந்தார் என்று சொல்ல வேண்டும்.

எனக்கோ வியாபாரி சொன்ன 'நீங்க' தான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாவது பத்தியில் முதல் கோட்டைப் போட நோட்டை எடுத்தேன். அம்மா தடுத்தார்.

"அதச் சேக்காத. அந்த மனுசனுக்கு நம்மூர்ல தெரிஞ்ச தமிழே அவ்வளவுதான். லாட்ஜு வாசல்ல படுத்திருக்கற ஆட்டயும் 'கொஞ்சம் தள்ளிப் படுங்க'ன்னுதான் சொல்றாரு."

உண்மைதான். எங்கள் ஊரில் வந்து தமிழ் கற்ற வடக்கத்தியர்களுக்கு அந்தக் காலத்தில் 'நீ' என்ற சொல்லே தெரியாது. யாரும் அவர்களிடம் அதைச் சொன்னதில்லை. விலை கொடுக்காமல் வந்த அந்தச் சொல்லை அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டாவது பத்தி காலியாகவே இருந்தது.

மாசியில் கம்பெனிக்குப் புதிதாக இரண்டு மெஷின்கள் வந்தன. அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளி விட்டு நான் நேரே கம்பெனிக்குப் போயிருந்தேன். மெஷினுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து முடிந்ததும், யார் உட்காருவது என்ற கேள்வி வந்தது. கல்கத்தாவிலிருந்து சரக்குக் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள், ஆண் தையல்காரர் கிடைப்பது கடினமாக இருந்தது. பாயில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள். அம்மா பாயில் இருந்த அந்த ஒன்பது நாளில் அவளும் அம்மாவும் மதியச் சோற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓரத்து மெஷினுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. அவளைத்தான் முதலாளி கூப்பிட்டார்.

"வாங்க," என்றார். அவள் தன்னை இல்லை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். "உங்களைத்தானுங்க. இப்பிடி வந்து உக்காருங்க. ஊசி பாத்து, வெரல் பத்தரம்."

தடுமாற்றமே இல்லாமல் வந்தது. மூன்று வயது மகனைப் பால் குடிக்கச் சொல்வதுபோல அவ்வளவு இயல்பாக வந்தது. அவள் உட்கார்ந்தாள். முதலாளி அப்படியே திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"நூல் கோக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தாத் தேவலை," என்றார்.

நேற்று வரை பாயில் இருந்தவளுக்கு 'வாங்க'. பதினோரு மாதம் காத்திருந்த அம்மாவுக்கு இன்னும் அந்த மொட்டை வாக்கியம். அம்மா கோபப்பட்டு எழுந்துவிடுவார் என்று பார்த்தேன். எழுந்தார். போய் அந்தப் பெண்ணுக்கு நூல் கோத்துக் காட்டிவிட்டு, தன் மெஷினுக்குத் திரும்பி மோட்டாரைப் போட்டார். ஓரத்து மெஷின்காரர் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. அம்மாவைப் பார்த்து, ஒரு முறை தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கடையில் வெல்லம் வாங்கினார். வந்ததும் அரிசியை ஊறப்போட்டு, இடித்து, கச்சாயம் சுட்டார். கச்சாயம் எங்கள் வீட்டில் தீபாவளிக்கும், ஒறம்பரை என்று விருந்தாளி யாராவது வந்தாலும் சுடுவது. அன்று இரண்டும் இல்லை. அப்பா காரணம் கேட்கவில்லை. சூட்டோடு ஒன்றைப் பிட்டு ஊதி, முதல் துண்டை அம்மாவிடம் நீட்டினார். நான் தொடவில்லை.

"தோத்துப் போயிட்டு எதுக்குங்கம்மா கச்சாயம்?" என்றேன்.

அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆரு அம்மிணி தோத்தா?" என்றார். பிறகு, "திங்கக்கெழம அவளுக்கும் ரெண்டு எடுத்துட்டுப் போகோணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பதில் தெரிந்த கேள்வியை ஏன் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளே போய் நோட்டை எடுத்தேன். மூன்றாவது பத்தியில் அன்றைய கோட்டைப் போட்டேன். அதற்குக் கீழே, 'அம்மா தோற்றார்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு நோட்டை மூடினேன். அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

'நீங்க' என்பது ஒருவருக்கான சொல் அல்ல, பலருக்கானது என்று அப்பா சொல்லக் கேட்டு, அதை நாலு பாஷையில் ஒப்பிக்கத் தெரிந்தவள் நான். அம்மா கேட்டதும் அதையேதான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்திக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கும் என்று முதலாளி பயந்தார். அம்மா நம்பியிருந்ததும் அந்தப் பயத்தைத்தான். தோற்றுப்போன ஒரு கௌரவக்காரர், வென்றவருக்கு மட்டும் கொடுக்க முடியாமல், அவருக்குப் பக்கத்தில் இருந்தவளிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷத்துக்குள் பாயில் இருந்தவர்கள் வரைக்கும் 'வாங்க' வந்து சேர்ந்துவிட்டது. அம்மா அந்தக் கம்பெனியை விட்டு நிற்கும் வரை அவருக்கு மட்டும் அது வரவே இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அந்த நோட்டில் எழுதியதுதான் என் முதல் செய்தி. நேரில் பார்த்து, நாள் தவறாமல் குறிப்பெடுத்து, கடைசியில் தப்பாக எழுதிய செய்தி. நாளிதழில் தப்பு வந்தால் மறுநாளே திருத்தம் போடுவோம். இது கொஞ்சம் தாமதமாகிவிட்டது.